எட்டாவது மிராந்தா

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு நண்டு வாங்கப் போன இடத்தில் என் பேரைப் பார்த்தேன்.

மணலில் ஏற்றிப் போட்டிருந்த பைபர் படகு அது. நீல நிறம். மூக்கில் மஞ்சள் பெயின்டால் கொட்டை எழுத்தில் ‘மிராந்தா’ என்று எழுதியிருந்தது. அன்று காலையில்தான் எழுதியிருப்பார்கள் போல. ஈர பெயின்ட் வாசனை நண்டு வாசனையையும் மீறிக்கொண்டு வந்தது.

கையிலிருந்த பையை அப்படியே போட்டேன். “யம்மா, நண்டு ஓடுது! புடிம்மா!” என்று நண்டுக்காரம்மா கத்தினாள். ஓடினால் ஓடட்டும். நான் படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

“இது யாரு போட்டு?”

“மிராந்தாவுது.”

“எந்த மிராந்தா?”

“எந்த மிராந்தான்னா? எங்க குப்பத்துல ஒரே மிராந்தாதான் கீறான். ஏழுமல மவன்.”

ஏழுமலை மகன் மிராந்தா! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “ஆளு எப்டி இருப்பான்? குண்டா, ஒல்லியா?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இன்னாமா நீ, பொண்ணு குடுக்கப் போறியா? அவனுக்குக் கல்யாணம் ஆயி புள்ள கீது.”

சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘நீங்கள் எதற்கெடுத்தாலும் ஏன் இப்படிக் குதிக்கிறீர்கள்?’ என்று. அம்மா, குதிக்காமல் என்ன செய்வது? அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு மிராந்தா வேண்டும். ஆணாக, கொஞ்சம் கனமாக.

கயிறும் பேரும்

ராயபுரத்தில் எங்கள் தெரு மாதா கோயிலில் திருவிழாக் கொடியேறிய பின் வரும் முதல் ஞாயிறு சாயங்காலம் கயிறு இழுப்பார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைக்காதீர்கள். துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டுகிற கயிறு அது, கழித்துப் போட்டதை எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்தது. என் மணிக்கட்டைவிடத் தடிமன். மற்ற நாட்களில் கோயில் பின்னறையில் சுருண்டு கிடக்கும். வெளியே எடுத்தால் தாரும் உப்பும் கலந்த ஒரு வாசனை தெருவுக்கே வரும்.

இழுப்பது ஊர் வாரியாக இல்லை, தெரு வாரியாக இல்லை. பேர் வாரியாக. எட்டு பெர்னாந்து ஒரு பக்கம், எட்டு மிராந்தா ஒரு பக்கம். ஜெயிக்கிற பேருக்கு மாதா சப்பரத்தைத் தூக்க முன்தண்டு. தோற்கிற பேருக்குப் பின்தண்டு. கயிற்றில் இல்லாத பேர்களெல்லாம் ‘மற்றவர்கள்’. அவர்கள் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டியதுதான்.

இழுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவனும் கயிற்றைத் தொட்டுத் தன் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் எட்டுப் பேர் சேரவில்லை என்றால் அந்தப் பேர் கயிற்றை விட்டுப் போய்விடும். அடுத்த வருஷம் எண்பது பேர் வந்து நின்றாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். மச்சாதோக்கள் அப்படித்தான் போனார்கள். கர்வாலோக்கள் அப்படித்தான் போனார்கள். ஒரு காலத்தில் தெருவையே ஆட்டிவைத்த பேர்கள் இன்று மெழுகுவர்த்தி வரிசையில் நிற்கின்றன.

எங்கள் மிராந்தாக்களுக்கு இந்த வருஷத் திருவிழாவில்தான் ஒரு ஆள் குறைந்தது. தெருவில் ஒவ்வொரு மிராந்தாவுக்கும் ஒரு அடைமொழி உண்டு, இல்லாவிட்டால் யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. கிரேன் மிராந்தா என் தம்பி பாஸ்கல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஐஸ் மிராந்தா காசிமேட்டில் ஐஸ் வியாபாரம். அந்த ஐஸ் மிராந்தாவுக்குத்தான் குடலிறக்க ஆபரேஷன். கயிறு என்ன, தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மற்ற இளவட்டங்கள் எங்கே என்று கேட்பீர்கள். ஒருத்தன் கனடா, ஒருத்தன் குவைத், ஒருத்தன் ஆவடி. கனடாக்காரனாவது கிறிஸ்துமஸுக்கு வருகிறான். ஆவடிக்குப் போனவனைக் கல்யாணத்துக்குக்கூடப் பார்க்க முடிவதில்லை. அவனுக்கு நானே போன் போட்டேன். “ஞாயித்துக்கெழம டியூட்டி, அத்த” என்று வைத்துவிட்டான்.

பெண் மிராந்தாக்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நான்கு. ஆனால் பெண் கயிற்றைத் தொடக் கூடாது. தொட விட்டாலும் எத்தனை வருஷத்துக்கு? நான் ஸ்டெல்லா மிராந்தாவாகக் கோயிலுக்குள் போய், ஸ்டெல்லா பெர்னாந்துவாக வெளியே வந்தவள். உள்ளே பூசை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. இருபத்து சொச்சம் வருஷம் என்னோடு இருந்த பேர் அதற்குள் போய்விட்டது. எல்லாரும் அரிசியும் பூவும் தூவினார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, அதை மறைப்பானேன்?

போதாததற்கு, பெர்னாந்து பக்கத்துக்குக் கேப்டன் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் அல்போன்ஸ். ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது இழுப்பதில்லை, ஓரமாக நின்று விசில் அடித்துச் சத்தம் போடுவார். ஆள் குறைந்த செய்தி கேட்டதிலிருந்து வீட்டில் அவர் பண்ணிய அலட்டல் தாங்கவில்லை.

“ஸ்டெல்லா, உங்க ஆளுங்களுக்கு மெழுகுவர்த்தி நானே வாங்கித் தர்றேன். பெருசா வாங்கட்டா, சிறுசா?”

“உங்களுக்கு ராத்திரிக்குச் சோறு பெருசா போடட்டா, சிறுசா?” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டார்.

மிராந்தா பேசுகிறேன்

இந்தப் பேர் எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு போனது ஒரு போனில்.

அப்போது நான் துறைமுகத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். போனை எடுத்ததும் பேரைச் சொல்ல வேண்டும். “மிராந்தா பேசுகிறேன்” என்று சொல்வதில் எனக்கு அப்படி ஒரு மிடுக்கு. ஒரு நாள் வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி ஒருவர் வீட்டுக்குப் பேச வேண்டும் என்று லைனில் வந்தார்.

“மிராந்தா வேண்டும்” என்றார்.

“மிராந்தாதான் பேசுகிறேன், சொல்லுங்கள்.”

“இல்லை, எனக்கு மிராந்தா வேண்டும்.”

“ஐயா, நான்தான் மிராந்தா!”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மனிதர் அடங்கவே நேரமானது. அப்புறம் சொன்னார், அது அவருடைய ஊராம். ஆறு இருக்கிறதாம், பழைய மதில் இருக்கிறதாம். அது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பேரில் அந்தப் பக்கத்தில் இன்னும் ஊர்கள் உண்டு, கடல் தாண்டியும் உண்டு என்றார். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றி இருந்த பெண்களிடமெல்லாம் சொன்னேன். ஊர், என் பேரில் ஊர்!

வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். “நம்ப பேர்ல ஊரே கீதாம்ப்பா!”

அப்பா பீடியைக் கீழே வைக்காமல் கேட்டார்: “நம்ப பேர்ல ரேஷன் கார்டு கீதா பாரு மொதல்ல.”

கல்யாணத்துக்குப் பிறகு ‘பெர்னாந்து பேசுகிறேன்’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. பல நாள் வாய் தவறியது. சூப்பர்வைசர் முறைப்பார். பிறகு வாயும் பழகிக்கொண்டது.

பாஸ்கல் கட்டிய கோட்டை

ஊர் கதையைத் தம்பி பாஸ்கலிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதை அவன் மனதில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கையில் செல்போன் வந்ததும் கிரேனில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் தேடியிருக்கிறான். ஒரு நாள் மூச்சிரைக்க வந்தான்.

“அக்கா! நம்ப யாரு தெரியுமா? ராஜ வம்சம்!”

“இன்னாடா ஒளற்ற?”

“சத்தியமா! மிராந்தான்னு பெரிய பிரபுக் குடும்பம் கீதுக்கா. கோட்ட, குதிர, கேடயம், எல்லாம். ஊரு பேரே அவங்க பேருதான்!”

எனக்கும் ஒரு நிமிஷம் புல்லரித்ததா இல்லையா? புல்லரித்தது. ஆனால் மேலே பார்த்தால் ஓடு ஒழுகுகிறது, கீழே பார்த்தால் பாஸ்கல் கிழிந்த பனியனோடு நிற்கிறான். எந்தப் பிரபு வந்து எங்களை இங்கே விட்டுவிட்டுப் போனான் என்று யோசித்தேன்.

எங்கள் ஆட்கள் தெற்கே கடலோரத்திலிருந்து வந்தவர்கள். அங்கே எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் வாங்கியபோது கப்பலில் வந்தவன் எவனோ ஒருத்தன் ஞானத்தகப்பனாக நின்றான். அவன் பேர் ஒட்டிக்கொண்டது. பெர்னாந்துவும் அப்படித்தான், கர்வாலோவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. பாஸ்கலுக்கும் தெரியும். ஆனால் கோட்டையைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

திருவிழாவுக்கு அவன் அடித்த பேனரைப் பார்க்க வேண்டுமே! கம்பத்துக்குக் கம்பம் நீளம். இடது பக்கம் கோட்டை. வலது பக்கம் வாயைப் பிளந்த சிங்கம். நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட பாஸ்கல். மேலே ‘அரச ரத்தம்! மிராந்தா வம்சம்!’ என்று தங்க எழுத்து. ஆள் குறைந்தது தெரிவதற்கு முன்பே கட்டிவிட்டான். அதுதான் பின்னால் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஏழுமலை மகன்

முகத்துவாரத்துக்கு வருகிறேன். நண்டுக்காரம்மா கை காட்டிய இடத்தில் ஒருத்தன் வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமம். தோள் இரண்டும் திரண்டு நின்றன. நல்ல தொப்பை. அந்தத் தொப்பையைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“தம்பி, உம் பேரு நெஜமாவே மிராந்தாவா?”

“ஏ. மிராந்தா. ஆதார்ல கூட அதான்க்கா கீது.”

“இந்துதானே நீ? இந்தப் பேரு எப்டி வந்துது?”

எல்லாரும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. வலையைக் கீழே போட்டுவிட்டு, சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி சொன்னான்.

“எங்க தாத்தா கட்டுமரத்துல போய்கினு இருந்தாரு. இதோ, இதே மொகத்துவாரம். அல தூக்கிப் போட்டுச்சு. மரம் ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். அப்போ ஆர்பர்ல இருந்து ஒரு இழுவ போட்டு வந்துகினு இருந்துது. அதுலேர்ந்து ஒர்த்தரு குதிச்சாரு. தாத்தாவ முடியப் புடிச்சுத் தூக்கினாரு. பேரு இன்னாய்யான்னு கேட்டதுக்கு மிராந்தான்னாராம். அவ்ளோதான். போட்டு போய்டுச்சு. அப்புறம் அவர ஒரு தபா கூடப் பாக்கல. அப்போ எங்கப்பா பொறக்கவே இல்லக்கா. அந்தாளு குதிக்கலன்னா எங்கப்பாவும் இல்ல, நானும் இல்ல.”

“அப்ப உங்கப்பாவுக்கு இல்ல வெச்சிருக்கணும்?”

“ஆயா ஒத்துக்கல, ஏழுமலையான் பேருதான்னு நின்னுடுச்சு. நான் பொறந்தப்போ தாத்தா உட்டுக் குடுக்கல. ஸ்கூல்ல எல்லாம் கூல்டிரிங்ஸு, கூல்டிரிங்ஸுன்னு ஒரே பேஜாரு பண்ணானுங்க.” சிரித்தான். “இப்ப போட்டுலயும் எழுதிட்டேன்.”

எந்த மிராந்தாவோ! இந்தக் கதையை அவர் தன் வீட்டில் சொன்னாரோ இல்லையோ. நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“கயிறு இழுப்பியா?”

“கடல்ல வேற இன்னாக்கா பண்ணிகினு கீறோம்?”

அங்கிருந்தே பாஸ்கலுக்குப் போன் போட்டேன். கதையைக் கேட்டதும் அவன் குதித்த குதி போனிலேயே கேட்டது. “அக்கா, அந்த மிராந்தா நம்ப தாத்தாதான்! வேற யாரு?”

“டேய், நம்ப தாத்தா வாளித் தண்ணியப் பாத்தே பயப்புடுவாரு. கம்முனு இரு.”

எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள். ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. கரித்தூள் கண்ணில் விழுந்தது. நண்டில்லாத காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் வரைக்கும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மேலே பாரு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தெருவில் மணல் தூவி, நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. முகத்துவாரத்திலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து நம் மிராந்தா குதித்தான், பின்னால் அவன் குப்பத்து ஆட்கள், கைக்குழந்தையோடு அவன் மனைவி. தெருவே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது.

கயிற்றுக்குப் பொறுப்பு சூசை அண்ணன். வயதானவர், கண்டிப்பானவர், கர்வாலோ குடும்பம். அவர் முன்னால் ஒவ்வொருவனாகக் கயிற்றைத் தொட்டுப் பேர் சொன்னார்கள். பாஸ்கல் மிராந்தா. இன்னொரு மிராந்தா. இன்னொரு மிராந்தா. கடைசியாக இவன் வந்தான். குனிந்து கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“ஏ. மிராந்தா!”

“அப்ஜெக்‌ஷன்!” என்றார் என் வீட்டுக்காரர். எந்தப் படத்தில் பார்த்தாரோ.

“இன்னாங்க அப்ஜெக்‌ஷன்?” என்று நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

“இவன் பேரு மிராந்தா. சரி, ஒத்துக்கறேன். ஆனா உங்க குடும்பமா? உங்க ஆளுங்களே இன்னா எழுதி வெச்சுகீறாங்க? மேல பாரு ஸ்டெல்லா!”

எல்லாரும் மேலே பார்த்தார்கள். அரச ரத்தம். மிராந்தா வம்சம். கூலிங் கிளாஸ் போட்ட பாஸ்கல்.

“ரத்தம்தான் கணக்குன்னு நீங்களே போட்டுகீறீங்க. இவன் ரத்தத்துல எங்க கீது உங்க கோட்ட?”

பெர்னாந்து பக்கம் ஒரே சிரிப்பு, விசில். ஏழுமலை மகன் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான். முகம் சிறுத்துவிட்டது. “பரவால்லக்கா, நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன்” என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“யோவ் அல்போன்சு!” என்றேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் தெருவில் நின்று அப்படிக் கூப்பிட்டதில்லை. “உங்க பெர்னாந்து மட்டும் வயித்துலேர்ந்தா வந்துது? எவனோ கப்பல்ல வந்தவன் உங்க பாட்டன் தலையில தண்ணி ஊத்தறப்போ பக்கத்துல நின்னான். அவன் பேர வாங்கிக்கினீங்க. எங்க பாட்டனும் அப்டித்தான் வாங்கினாரு. நமக்காவது பக்கத்துல நின்னவன் குடுத்தான். இவனுக்குக் கடல்ல குதிச்சவன் குடுத்தான்! யாரு பேருய்யா ஒசத்தி?”

எதிர்வீட்டு மிக்ஸி சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில் பாஸ்கல் நேராகக் கம்பத்துக்குப் போனான். ஏறினான். கட்டியிருந்த கம்பியைப் பல்லால் கடித்து இழுத்தான். பேனர் ஒரு பக்கம் சரிந்தது. மறுபக்கத்தைக் கீழே நின்றிருந்த பையன்கள் பிடித்து இழுத்ததில் சர்ரென்று கிழிந்து, கோட்டை தனியாக, சிங்கம் தனியாக வந்தது. பாஸ்கல் இறங்கி வந்து சூசை அண்ணன் முன்னால் நின்றான்.

“அண்ணே, ரத்தமெல்லாம் சும்மா பீலா. போன்ல பாத்து நானே போட்டுக்கினது. இவன் எங்க ஆளு.”

சூசை அண்ணன் ஏழுமலை மகனைப் பார்த்தார். “கடல்ல குதிச்சதுன்றது இன்னா கத? சொல்லு.” அவன் மறுபடி கதையைச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்க கர்வாலோ பேரு போச்சே, அன்னிக்கு ஒரு ஆளுதான் கொறவு. ராயபுரத்தத் தாண்டி ஒரு எடத்துலயும் போயி நாங்க தேடல. வெக்கப்பட்டுக்கினு வூட்டுக்குள்ள குந்திட்டோம். இவ எண்ணூர் வரைக்கும் போயி இட்டுகினு வந்துகீறா. அல்போன்சு, நீயே சொல்லு. இன்னா பண்ணலாம்?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். ஏழுமலை மகனின் தோளைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

“சேத்துக்கங்க. ஆளில்லாத கயித்த இழுக்கறதுக்கா நாங்க பிரியாணி தின்னுட்டு வந்தோம்?”

அந்த மனிதரை நான் ஏன் கட்டிக்கொண்டேன் என்பது எப்போதாவது இப்படித்தான் ஞாபகம் வரும்.

இழு, இழு

முதல் இழுப்பு நாங்கள் மூச்சு விடுவதற்குள் முடிந்தது. பெர்னாந்துக்கள் எங்கள் எட்டுப் பேரையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாவதில் ஏழுமலை மகனைக் கடைசியில் நிறுத்தினார்கள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலில் குதிகாலை ஊன்றி உட்கார்கிற மாதிரி சாய்ந்தான். பெர்னாந்துக்கள் இழுக்கிறார்கள், கயிறு வரவே இல்லை. கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி கோட்டின் மேலேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. “இழுடா மிராந்தா! இழுடா மிராந்தா!” என்று குப்பத்து ஆட்கள் கத்துகிறார்கள். யாரைச் சொல்கிறார்கள்? எட்டுப் பேரையும்தான்! நானும் கத்தினேன். நாத்தனார்கள் என்னை முறைத்தார்கள், முறைக்கட்டும் என்று இன்னும் கத்தினேன். துணி எங்கள் பக்கம் வந்தது, விரல் விரலாக வந்தது, அப்புறம் மொத்தமாக வந்தது. எட்டுப் பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாவது இழுப்புதான் இழுப்பு. இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. சூசை அண்ணன் கோட்டின் மேல் குனிந்து கண்ணை இமைக்காமல் பார்க்கிறார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து முதல் ஆளாக நின்ற பாஸ்கல் வழுக்கினான். மணலோடு கிடந்த பேனர் துண்டில் காலை வைத்துவிட்டான். எடுத்துப் பார்த்தால் கோட்டை.

பெர்னாந்துக்கள் ஜெயித்தார்கள். முன்தண்டு அவர்களுக்கு.

ஆனால் பட்டாசு வெடித்தது நாங்கள்! ஐஸ் மிராந்தா ஆபரேஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடினான். பாஸ்கல் ஏழுமலை மகனைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, அவன் பாஸ்கலைத் தூக்கிக்கொண்டான். எங்கள் பேர் கயிற்றில் இருக்கிறது. பின்தண்டு எங்கள் தோளில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

“தோத்தவன் எதுக்குடா வெடி வுடறான்?” என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

யாரும்மா அது?

சிங்கம் இருந்த பேனர் துண்டைத் திருப்பிப் போட்டு எல்லாரும் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். குப்பத்திலிருந்து எனக்காக நண்டு கொண்டு வந்திருந்தார்கள், அன்று ஓடிப்போனதற்குப் பதிலாக. ஏழுமலை மகனின் மனைவி சாப்பிடட்டும் என்று குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். பெண் குழந்தை. கொழுகொழுவென்று அப்பனின் தோள்.

“பேரு இன்னா வெச்சுகீறீங்க?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

“மிராந்தா.”

“உம் பேரு தெரியும்டா. கொழந்த பேரு?”

“அதுவும் மிராந்தாதான்க்கா. எம். மிராந்தா. ஆஸ்பத்திரில நர்ஸம்மா திட்டுச்சு, அப்பன் பேரும் புள்ள பேரும் ஒண்ணா வெப்பியான்னு. நான் இன்னா பண்றது? தாத்தா சாவறப்போ சொல்லிட்டுப் போனாரு, இந்த வூட்ல அந்தப் பேரு நின்னு போகக் கூடாதுன்னு.”

“பொம்பளப் புள்ளடா இது.”

“இருக்கட்டுமே. குதிச்சவரு தாத்தாவத் தூக்கறப்போ இவளுக்கும் சேத்துதானே தூக்கினாரு?”

நான் குழந்தையைப் பார்த்தேன். மெல்லத்தான் உறைத்தது. என்னோடது குடும்பப் பேர். கோயிலுக்குள் போய் வந்ததும் போய்விட்டது. இவளுக்கு அதுதான் பேரே. நாளைக்கு இவள் எவனைக் கட்டினாலும் வேண்டுமானால் முன்னால் இருக்கிற அந்த ஒற்றை எழுத்து மாறும். மிராந்தா போகாது. பள்ளிக்கூடத்தில் மிராந்தா, கல்யாணப் பத்திரிகையில் மிராந்தா, கிழவியானாலும் மிராந்தா. யாரும் இவளிடமிருந்து அதை வாங்க முடியாது!

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்தேன். முழங்கால் கடகடவென்றது.

சூசை அண்ணன் தெருவோரத்தில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குழந்தையைக் கொண்டுபோய் அதன் கையைக் கயிற்றின் மேல் வைத்தேன். பிடித்துக்கொண்டது. பெரியவர்களுக்கே பிடிபடாத கயிற்றில், குழந்தை நாலு விரலால் ஒரு நாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. அதன் கைமேல் என் கையையும் வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கயிற்றை நான் தொட்டது அப்போதுதான்.

சூசை அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பெண் தொடக் கூடாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கயிற்றடியில் எல்லாரையும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“யாரும்மா அது?”

எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்தபோது இருந்த அந்த மிடுக்குக் குரல் எனக்குள் எங்கே இருந்ததோ, வந்தது.

“மிராந்தா பேசுகிறேன்” என்றேன்.